ராத்திரி முகத்துக்கு ஓர் அளவு

கண்ணாடிக் கடைக்காரருக்கு முகங்களைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. இது அவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. இருபது வருடமாக ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது முன்னால் உட்கார வைத்து, மூக்குத் தண்டின் உயரம் என்ன, ஒரு காது இன்னொரு காதைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது, சிரித்தால் கன்னம் எங்கே வந்து பிரேமை முட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர். தெருவில் எதிரே வருகிறவரின் பெயர் மறந்துபோகும்; மூக்கு மறக்காது.

அவருடைய மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அவள் முகத்தை ஊரில் யாருக்கும் தெரியாது, குரலைத் தெரியாதவர் கிடையாது. காய்கறிக் கடையில் அரைக்கிலோ வெங்காயம் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நிமிர்வார்கள். ஒவ்வொரு எழுத்தும் நறுக்கித் தட்டில் வைத்தது போல வரும்.

அந்தக் குரல்தான் ஒரு நாள் மத்தியானம் அவளைக் காட்டிக்கொடுத்தது. “நான்காவது நடைமேடையிலிருந்து” என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான்காவது நடைமேடையிலிருந்து என்ன என்று நிலையமே காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, ஒலிபெருக்கிகள் அத்தனையிலும் ஒரு குறட்டை புறப்பட்டு வந்தது. சரக்கு வண்டி வருகிறது என்று நினைத்துச் சிலர் தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்றார்களாம். நிலைய அதிகாரி நல்ல மனிதர். திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து, முகம் கழுவி வரச் சொல்லி, மறுநாளே டாக்டரைப் பார்க்கும்படி லீவும் எழுதிக் கொடுத்தார்.

கடைக்காரருக்கு இது திடுக்கிடும் செய்தி இல்லை. ஒரு வருடமாகவே அவள் குறட்டை நடுவில் அறுந்து போவதையும், பத்து, பதினைந்து, இருபது என்று அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டே படுத்திருக்க, திடீரென்று மூச்சு முட்டி அவள் உலுக்கி எழுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டாக்டரிடம் போகலாம் என்றால், எல்லாம் அசதிதான் என்று தட்டிக் கழித்துவந்தாள். இப்போது தட்ட முடியவில்லை. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் ஒயர்களோடு படுக்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்கிறது, ஸ்லீப் ஆப்னியா என்றார்கள். காற்றை மெல்ல அழுத்தி உள்ளே அனுப்பும் மெஷின் ஒன்றும், அதை முகத்தோடு சேர்க்கும் மாஸ்க் ஒன்றும் தினமும் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் தூக்கப் பிரிவில் மாஸ்க் பொருத்துவதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கோட்டுப் பையில் அளவு அட்டைகள், மேஜை இழுப்பறை முழுக்க மாஸ்க்குகள். அவளுக்கு இவர்கள் வைத்த பெயர் மாஸ்க் மேடம். மாஸ்க் மேடம் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் ஒன்றை எடுத்து, பட்டைகளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்து ஒட்டினாள். மெஷினை ஓட விட்டாள். ஒரு பொட்டுக் காற்று வெளியே வரவில்லை. மெஷினின் சின்னத் திரையில் பச்சை நிறத்தில் ஒரு முகம் சிரித்தது. கசிந்தால் அதே முகம் சிவந்து அழும் என்று விளக்கினாள். கடைக்காரர் எழுந்து போய்ச் சுற்றிவரப் பார்த்து, “நல்ல பிட்டிங்” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வீட்டில் முதல் ராத்திரியே முகம் அழுதது.

மேலுதட்டோரத்திலிருந்து காற்று புஸ்ஸென்று பிரிந்து, மூக்கோரமாக ஏறி, நேராகக் கண்ணுக்குள் போனது. அவள் புரண்டு படுத்தால் விசில். நிமிர்ந்து படுத்தால் பிரஷர் குக்கர். காலையில் இரண்டு கண்ணும் சிவந்து, மெஷினைவிட அதிகமாக அவள் முகம் அழுதுகொண்டிருந்தது.

கடைக்காரர் களத்தில் இறங்கினார். முகம் என்று வந்துவிட்டால் அவர் சும்மா இருப்பாரா? படுக்கைக்கு முன்னால் அவள் பூசும் கிரீம்தான் சிலிக்கான் விளிம்பை வழுக்க வைக்கிறது என்று கிரீமை நிறுத்தினார். மாஸ்க்கைத் தினமும் சோப்புத் தண்ணீரில் தானே கழுவிக் காய வைத்தார். மேல் பட்டையைத் தளர்த்தினார், கீழ்ப் பட்டையை இறுக்கினார், அப்புறம் மாற்றிச் செய்தார். கடைசியில் எல்லாவற்றையும் பிடித்து இறுக்கியதில், மறுநாள் அவள் மூக்குத் தண்டில் கண்ணாடியே போடாமல் கண்ணாடி போட்ட தழும்பு வந்துவிட்டது. கசிவு மட்டும் குறையவே இல்லை.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இறுக்கினால் கசிவு கூடத்தான் செய்யும், விளிம்பு காற்றில் உப்பி உட்கார இடம் வேண்டும், பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்று மாஸ்க் மேடம் பொறுமையாகச் சொன்னாள். பெரிய அளவு கொடுத்தாள். அடுத்த வாரம் சின்ன அளவு. அதற்கடுத்து வேறொரு வடிவம். ஆஸ்பத்திரி நாற்காலியில் எல்லாமே சிரித்தன. வீட்டுப் படுக்கையில் எல்லாமே அழுதன. மெஷின் சேமித்து வைத்திருந்த கணக்கை மேடம் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். தினமும் போட்ட நிமிடத்திலிருந்தே கசிவு. பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, ராத்திரி படுக்கப் போறப்ப எதையாவது கழட்டி வைக்கிறீங்களா? கண்ணாடி, மூக்குத்தி, பல்செட், அந்த மாதிரி?”

“இல்லை” என்றாள் மனைவி. ரயில் நிலையக் குரலில், மறுபேச்சுக்கு இடமில்லாமல்.

கடைக்காரர் அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்த கண் சிகிச்சை முகாம் நோட்டீஸை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியும். கல்யாணமாகி இரண்டாவது வருடம், குளியலறையில் அலமாரிக்குப் பின்னால் விழுந்த சீப்பைத் தேடப் போய், துணிக்குள் சுற்றியிருந்த ஒரு டப்பாவை எடுத்துத் திறந்துவிட்டார். காலியான டப்பாதான். ஆனால் உள்ளே எந்த வடிவத்துக்குப் பள்ளம் இருக்கிறது என்று பார்த்தால் போதாதா? மேல்வரிசையில் முன்பற்கள் ஆறு. அப்போதுதான் அவருக்குப் பல விஷயம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டது. விளக்கை அணைத்த பிறகுதான் அவள் குளியலறைக்குப் போவாள். வந்து படுத்தால் வாயே திறக்க மாட்டாள். கேட்டால் ‘ம்’, அவ்வளவுதான். நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை ஓய்ந்துபோயிருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். டப்பாவைத் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சீப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மனசு கொஞ்சம் வலித்தது உண்மை. தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து அதுவே பழகிப்போய், பதினேழு வருடம் ஓடிவிட்டது.

மாஸ்க் ஏன் கசிகிறது என்பதும் இப்போது அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. பல்லோடு இருக்கும் முகம் ஒன்று, பல்லைக் கழற்றிய முகம் வேறொன்று. மேலுதடு உள்ளே போய்விடும், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலிருக்கும் இடம் சரிந்துவிடும். பகல் முகத்துக்கு அளவெடுத்து ராத்திரி முகத்துக்கு மாட்டினால் எப்படி நிற்கும்? முதல் வாரமே புரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தன் தொழில்மேலேயே வெட்கம் வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? தனக்குத் தெரியும் என்பதையே அவளிடம் காட்டாதவர், கசிவுக்குக் காரணம் இதுதான் என்று எந்த வாயால் சொல்வார்?

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார். மறுநாள் சாப்பிடும்போது, கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றிய கதையை எடுத்துவிட்டார். பாவம், ராத்திரி படிக்கும்போது மட்டும் கண்ணாடி நழுவுகிறதாம். நன்றாக விசாரித்தால் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கிறவராம். கன்னம் ஒட்டிப்போனால் பிரேம் எப்படி நிற்கும், அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் முதலிலேயே சரியாக வளைத்துக் கொடுத்திருக்க மாட்டேனா, என்று நீட்டி முழக்கினார்.

மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: “ஆம்பளையா, பொம்பளையா?”

“ஆம்பளை” என்றார்.

“என்ன பவர்?”

கடைக்காரர் மென்று முழுங்கினார். எந்த வாடிக்கையாளரின் பவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். தனக்கு இதெல்லாம் ஒத்துவராது, திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன், இத்தனை வருடம் தூங்காமலா இருந்தேன் என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு ராத்திரி பழைய குறட்டை, பழைய நிறுத்தம். இரண்டாவது ராத்திரி எண்ணிக்கை முப்பத்தாறு வரை போனது. எண்ணி முடிப்பதற்குள் கடைக்காரருக்குத் தன் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூடத்தில் நின்று வேலைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். என்ன என்று அவள் நிமிர்ந்து பார்த்ததும், ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்து, சொல்ல வந்தது மட்டும் வெளியே வந்தது.

“பல்லைக் கழட்டினதுக்கு அப்புறம் அளவெடுக்கணும். அப்பதான் அது நிக்கும்.”

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் அப்படியே நின்றது. லேசாகத் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அவள் அதைத் தூக்கி நிறுத்தினாள்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ரெண்டாவது வருஷம். சீப்பு தேடினப்ப.”

அவள் சட்டையில் விழுந்த பழுப்புக் கறையைத் தடவிப் பார்த்தாள். கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள். கோபம் எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறது என்று தெரியாமல் கடைக்காரர் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார்.

“பதினேழு வருஷம்” என்றாள். “பதினேழு வருஷமா இருட்டுல தடவிக்கிட்டுப் போயி, அந்தக் கதவு நிலையில வாரத்துக்கு ஒருதரம் கால் விரலை இடிச்சுக்கிட்டு, கத்தக்கூட முடியாம வாயை மூடிக்கிட்டு வந்து படுத்திருக்கேன். உங்களுக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விளக்கைப் போட்டுக்கிட்டுப் போயிருப்பேன்ல?”

கடைக்காரர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். கால் விரலை யோசிக்கவில்லை. நீ மறைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், நானாக ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்றுதான் இருந்துவிட்டேன் என்று முனகினார். அவள் சட்டையை மடித்தும் மடிக்காமலும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. அதற்குப் பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்து ஓடினார். அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அதான் இத்தனை வருஷமா எனக்கு ஆப்பிளைக் காகிதம் மாதிரி மெல்லிசா சீவி சீவிக் குடுத்தீங்களா? நான் உங்களுக்கு ஏதோ கிறுக்குன்னு நினைச்சேன்.”

அன்றைக்கு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்திரண்டு வயதில், அறிவிப்பாளர் வேலைக்கான நேர்காணலுக்கு ஓடும்போது நிலையத்துப் படிக்கட்டிலேயே வழுக்கி விழுந்து முன்பற்களை உடைத்துக்கொண்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி உள்ளே போய், இன்னொரு நாள் தேதி கொடுங்கள் என்று எழுதிக் காட்டியது. புதுப் பல் வந்ததும் ‘ச’ எல்லாம் ‘ஷ’வாக வந்து தொலைக்க, ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்று ஊர்ப் பெயர்களாகச் சொல்லிச் சொல்லி நாக்கை வசப்படுத்தியது. ஊரே புகழ்கிற அந்தத் திருத்தமான குரல் அப்படி வந்ததுதான். வேலையில் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று முதலில் மறைத்தாளாம். கல்யாணம் பேசியபோது சொல்ல நினைத்து, அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த வருடம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடுவாரே என்ற பயமே பெரிதாகிவிட்டதாம்.

“நானும் அதே பயத்துலதான் இருந்தேன்” என்றார் கடைக்காரர். “இவ்ளோ நாள் தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு கேப்பியேன்னு.”

“கேட்டாச்சுல்ல” என்றாள் அவள்.

புதன்கிழமை மாஸ்க் மேடத்திடம் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, முன்பு கேட்டபோது ‘இல்லை’ என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டாள். மேடம் ஆச்சரியமே படவில்லை. தன்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்வார்களாம்; சொல்லும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடுமாம். சிலர் பல்லோடேயே தூங்குவதும் உண்டு, ஆனால் உங்கள் பல் டாக்டர் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார் என்றால் அந்த முகத்துக்கே பார்த்துவிடலாம் என்றாள். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, அறையின் மூலையிலிருந்த கட்டிலைக் காட்டினாள். வீட்டில் எத்தனை தலையணை, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள் என்று கேட்டு அதேபோல ஏற்பாடு செய்தாள்.

மனைவி பல்லைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். மேல் விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் பழக்கதோஷத்தில் நோட்டீஸ் பக்கம் திரும்பினார்.

“பாருங்க, பரவால்ல” என்றாள் அவள். ‘பாருங்க’ கொஞ்சம் காற்றோடு கலந்து வந்தது. திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் பார்க்காத முகம் அது. உதடு உள்ளே மடங்கி, கன்னம் குழைந்து, ஏதோ குறும்பு செய்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகம் போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தார். ஆனால் தொழில் முந்திக்கொண்டது. எழுந்து வந்து, மேலுதட்டுக்கு இங்கே மூன்று மில்லிமீட்டர் குறைகிறது பாருங்கள் என்று மேடத்துக்கு விரலால் காட்ட ஆரம்பித்துவிட்டார். மேடம் அவரை மரியாதையாக ஸ்டூலில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

பழைய மாஸ்க் வைத்தவுடனேயே புஸ்ஸென்றது. அதைவிடச் சின்னது கன்னத்தில் நின்றது, உதட்டில் நிற்கவில்லை. பிறகு மேடம் வாய்ப் பக்கமே போகாத ஒன்றை எடுத்தாள். மூக்கை மட்டும் மூடி, மேலுதட்டுக்கு மேலேயே நின்றுவிடும் மாஸ்க். வாயை மூடித் தூங்குவது பழக்கம்தானே என்று கேட்டாள். பத்தொன்பது வருடப் பயிற்சி என்றார் கடைக்காரர், ஸ்டூலிலிருந்தே. பட்டைகளைத் தளர்வாக ஒட்டி, மெஷினை ராத்திரி அழுத்தத்துக்கே ஏற்றி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னால் இழுத்து, விளிம்பு உப்பியதும் மெல்ல விட்டாள். அது தானாகப் போய் உட்கார்ந்தது. இடது பக்கம் திரும்பச் சொன்னாள். வலது பக்கம். மல்லாந்து. மூன்று பேரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். மெஷினின் மெல்லிய இரைச்சல் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பச்சை முகம் சிரித்தது.

பத்து நிமிடம் அப்படியே படுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனாள். வந்து பார்த்தபோது மனைவி நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தாள். எழுப்பட்டுமா என்று கடைக்காரர் சைகையில் கேட்டார். வேண்டாம், அரை மணி நேரம் கட்டில் காலிதான் என்று மேடமும் சைகையிலேயே சொன்னாள்.

வீட்டில் முதல் இரண்டு நாள் மூக்கு வறண்டது. மேடத்துக்குப் போன் செய்து கேட்டு, மெஷினின் தண்ணீர்த் தொட்டியில் ஈரத்தைக் கூட்டி வைத்தார்கள். மூன்றாவது நாள் பட்டை பின்கழுத்தில் உறுத்தியது. ஒரு மெல்லிய துணி உறையைத் தைத்துப் போட்டாள். இதையெல்லாம் அவளே செய்தாள். கடைக்காரரின் கை பட்டைப் பக்கம் வந்தால் தட்டிவிட்டாள். அந்த வாரக் கடைசியில் கணக்கைப் பார்த்த மாஸ்க் மேடம், மூச்சு நிற்பது மணிக்கு இரண்டு தடவையாகக் குறைந்திருக்கிறது, கசிவு என்று சொல்ல ஒன்றுமில்லை, இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டாள்.

ஒரே ஒரு சிக்கல்தான் புதிதாக வந்தது. எண்ணிக்கொண்டு படுத்திருக்க வேண்டிய வேலை போனதும், ஒரு வருடமாகப் பாதித் தூக்கத்திலேயே இருந்த கடைக்காரர் கட்டிப்போட்டது போலத் தூங்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை இருவரும் கண் விழித்தபோது மணி எட்டே முக்கால். அவள் வேலைக்கு எட்டு மணிக்கே போயிருக்க வேண்டும். தலையை வாரிக்கொண்டே வாசலுக்கு ஓடினவள், நிலைய அதிகாரியிடம் என்ன சொல்வது என்று திரும்பிக் கேட்டாள்.

“நல்லா தூங்கிட்டேன்னு சொல்லு” என்றார் கடைக்காரர். “அந்த மனுஷன் சந்தோஷப்படுவாரு.”

அவர் கடையைத் திறக்கும்போது பத்தரை. வாசலில் தபால்காரர் காத்திருந்தார். போன வாரம் வாங்கிய கண்ணாடி நழுவுகிறதாம். கடைக்காரர் வழக்கம்போல அவரை நேராக உட்கார வைத்து, பிரேமை மாட்டிப் பார்த்தார். அசையவே இல்லை. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, நீங்கள்தான் சரியாக மாட்டவில்லை என்று சொல்லி அனுப்புவது அவருடைய இருபது வருட வழக்கம். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை நிறுத்திக்கொண்டார்.

“எப்ப நழுவுது?” என்று கேட்டார்.

குனிந்து பையிலிருந்து கடிதம் எடுக்கும்போது என்றார் தபால்காரர். கடைக்காரர் அவருடைய பையை அவர் தோளிலேயே மாட்டிவிட்டு, எழுந்து நின்று குனியச் சொல்லி, தானும் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, கீழிருந்து அவர் மூக்கைப் பார்க்க ஆரம்பித்தார்.